நாற்பதாவது நிமிஷம்

எனக்கு டீ சூடாகக் குடித்தால் ஆகாது, சார். அது ஆறட்டும், அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முப்பத்தோரு வருஷமாக வண்டிகளுக்கு மீட்டர் மாட்டுகிறேன். பெட்ரோல், பேட்டரி, எஞ்சின் சூடு, எதுவானாலும் முள் இம்மி பிசகாது. மாப்பிள்ளையின் காரில் மாட்டியதும் பிசகவில்லை. நான் சொன்னதைத்தான் காட்டியது.

மாப்பிள்ளை தங்கமானவர். அவரும் என் மகளும் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம், ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில் வேலை தேடப் போவதாக மகள் சொன்னாள். நான் தடுக்கவே இல்லை.

"தாராளமா போங்க. ஆனா பழைய வண்டி, சூடு காட்ட ஒரு மீட்டர்கூட இல்லையே" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே நானே உட்கார்ந்து மாட்டிக்கொடுத்தேன்.

எஞ்சினிலிருந்து மீட்டருக்கு ஒரு வயர் வரும். அதை வண்டியின் பாடியில் தொடவைத்தால், எஞ்சின் ஜில்லென்று இருந்தாலும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு டைமர் வைத்தேன். வண்டி விடாமல் நாற்பது நிமிஷம் ஓடினால் அது தொடவைக்கும். எங்கள் ஊருக்குள் எங்கே போனாலும் அரை மணிதான். சினிமாவுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நான் யாரையும் அடைத்துவைக்கவில்லை.

பாதி வேலையை டைமர் செய்தது. மாப்பிள்ளையின் பயந்த சுபாவம் மீதி. முதல் தடவை போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, நீங்க மட்டும் மீட்டர் மாட்டலைன்னா நடு ரோட்ல நின்னிருப்போம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நாலு வருஷம். ரேடியேட்டரை மாற்றினார், மெக்கானிக்கை மாற்றினார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்து "சூடே இல்லையே சார்" என்ற மெக்கானிக்குகளிடம், "எங்க மாமா மாட்டின மீட்டர் பொய் சொல்லாது" என்று மல்லுக்கு நின்றார். இப்படிப்பட்டவரை எந்த மனசோடு வெளியூர் அனுப்புவது?

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். மகளுக்கு பஸ் ஏறினாலே குமட்டும். அது எனக்குத் தெரியாதா? மூன்று இன்டர்வியூ போயிற்று. மூன்று தடவையும் அவள் அழுதபோது தலையைத் தடவிக்கொடுத்தது நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை நான்காவது. மாப்பிள்ளை வெறுத்துப்போய், மீட்டர் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டு ஓட்டினார். கழற்றிக் கழற்றி மாட்டிய தண்ணீர்க் குழாய் அன்றைக்குப் பார்த்து நிஜமாகவே கழன்றுகொண்டது. எஞ்சின் போயே போச்சு. அதற்கு நான் பொறுப்பல்ல, சார். நடந்தது இருபதாவது நிமிஷத்தில். முள் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை.

வண்டியை இழுத்துப் போன இடத்தில், ஒரு எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டைக் கழற்றி டைமரைக் கண்டுபிடித்துவிட்டான். "யார் செஞ்சாங்களோ, வேலை சுத்தம்" என்றானாம். என் மேல் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் மாப்பிள்ளை அதை விட்டுவிட்டார். நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகள் கத்தவில்லை, கூச்சல் போடவில்லை. பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, காலேஜ் முடிச்சதும் எனக்கு ஒரு வேலை கிடைச்சுதே. ஸ்கூட்டர்ல பெட்ரோல் முள்ளு எப்பப் பார்த்தாலும் காலின்னே காட்டும். தினம் பங்க்ல போய் நின்னா டேங்க் ரொம்பித்தான் இருக்கும். லேட்டாகி லேட்டாகியே அந்த வேலை போச்சு. அதுலயும் டைமர் வெச்சீங்களா?"

பெற்ற பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது, சார்.

"சேச்சே, டைமர் எல்லாம் இல்லம்மா" என்றேன். "அதுல வெறும் வயர்தான்."