ஆம்ப்ரோஸ் மான்

சதை நீங்க மிருகத்தின் மண்டை ஓட்டை வேக வைக்கும்போது தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் பல் கழன்றுவிடும். உங்களுக்குத் தெரியாததல்ல, சீனிவாசராகவன் சார். மியூசியத்துக்காக எங்கள் துரையின் மிருகச் சேகரிப்பைக் கணக்கெடுக்க வந்திருக்கிறீர்கள். நேற்று அந்த ஆப்பிரிக்க மானின் சீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். காது கேளாதவன் போல இருந்துவிட்டேன். இன்று சொல்கிறேன்.

1911இல் ஆப்பிரிக்காவிலிருந்த துரையின் தம்பி, காட்டு மான்கள் இரண்டின் தோலும் தலையும் அனுப்பினார். ஒரு மிருகத்தின் தோலிலும் தலையிலும் ஒரே எண் கொண்ட சீட்டைக் கட்டுவது வழக்கம். தலைகளைத் தனித்தனியாகத்தான் வேக வைக்க வேண்டும். வேக வைத்த அன்று மாதா திருவிழா. தேர் பார்க்கும் அவசரத்தில் இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டேன். சீட்டுகள் அவிழ்ந்து மிதந்தன. ஒரு குத்துமதிப்பாகக் கட்டிவிட்டேன். ஒரு தோல் புழு வைத்துப் போனதால் எறிந்துவிட்டோம்.

மிஞ்சிய தோலில் காதுக்குப் பின்னால் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது. நான்தான் தைத்தேன். தைக்கும்போதே பார்த்தேன், அதோடு சேர்த்த மண்டையில் ஓட்டை இல்லை. துரையிடம் சொல்லப் போனேன். அவர் அதற்குள் கொம்பையும் தோலையும் ஒப்பிட்டு, இந்தக் கொம்பும் இந்தத் தோலும் சேர்ந்திருப்பது உலகம் அறியாத மான் என்று லண்டனுக்கு எழுதி முடித்திருந்தார். லத்தீனில் என் பெயரையே அதற்கு வைத்திருந்தார். அல்சூர்க்காரன் ஆம்ப்ரோஸின் பெயர் சார், அச்சில் வரப்போகிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

லண்டன்காரர்கள் உறுதி செய்துகொள்ள அதே போல இன்னொரு மான் வேண்டும் என்றார்கள். எங்களோடு தோல் உரிக்கும் ஓஸ்வால்டை துரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். கிளம்பும் அன்று காலை அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீங்கதானே வேக வச்சீங்க. தோலும் மண்டையும் ஒரே மானோடதுதானே? நீங்க சொன்னா கண்ண மூடிட்டு போறேன்."

"ஒரே மான்தான் தம்பி" என்றேன்.

அவனுக்கு இங்கிலீஷ் எழுத வராது. தமிழில் எனக்கு எழுதுவான், நான் துரைக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டுவேன். அதுதான் ஏற்பாடு. மூன்றாவது கடிதத்தில் எழுதியிருந்தான்: "அண்ணே, காட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. தோல் ஒரு மானாம், கொம்பு வேற மானாம். எனக்கு ஜுரம் விடல. ஊருக்கு வந்துடட்டுமான்னு துரைகிட்ட கேளுங்க." நான் படித்துக் காட்டியது வேறு. குளம்புத் தடம் கண்டிருக்கிறான், இன்னொரு மழைக்காலம் இருக்க அனுமதி கேட்கிறான் என்றேன். துரை மகிழ்ந்துபோனார். அவனுக்குப் பதில் நான்தான் எழுதினேன்: மான் இல்லாமல் வரக் கூடாது என்பது துரையின் உத்தரவு.

இப்படி நாலு கடிதம். கடைசிக் கடிதத்தில் கையெழுத்து கோணிக்கோணிப் போயிருந்தது. அதையும் மாற்றித்தான் படித்தேன். பிறகு அங்கிருந்த பாதிரியார் எழுதினார், ஓஸ்வால்டை அடக்கம் செய்துவிட்டதாக. அதை மட்டும் உள்ளது உள்ளபடி படித்தேன். அவன் மனைவி பிரிஜெட்டுக்கு விஷயத்தைச் சொன்னதும் நான்தான். "உங்க மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கைண்ணே" என்றாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு ருசித்ததில்லை.

ஜுரமா கொன்றது? இல்லை சார். திரும்பி வந்திருந்தால் பிழைத்திருப்பான். நான் வரவிடவில்லை, நான்தான் அவனைக் கொன்றேன். இருபத்திரண்டு வருஷமாக மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

சரியான மண்டை கீழ் அலமாரியில் இருக்கிறது, காதுக்குப் பின்னால் ஓட்டையோடு. எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். போலீஸில் சொல்வதானாலும் சொல்லுங்கள், நான் எங்கும் ஓடப்போவதில்லை. ஆனால் அந்தப் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள் சார். அதற்காக ஒருவன் உயிரையே கொடுத்திருக்கிறான்.