மேட்டுக் கல்லறையில் கடைசிக் குழி

தோரா: போதும்டா ஹால்வர். மண்வெட்டியக் கீழ போடு.

ஹால்வர்: இன்னும் ஒண்ணு இருக்கேக்கா.

தோரா: அம்மாவ எடுத்தாச்சு. பெரியப்பாவ எடுத்தாச்சு. நம்ம குட்டித் தம்பி எய்னாரையும் எடுத்தாச்சு. வண்டியக் கட்டு, போலாம்.

ஹால்வர்: அப்பாவ விட்டுட்டா?

தோரா: அவரு இங்கயே கிடக்கட்டும்.

ஹால்வர்: அடுத்த மாசம் அணைய மூடுறாங்க. இந்த மேடு முங்கிடும். அவர் மட்டும் மீனோட கிடக்கணுமா?

தோரா: மீன்னா அவருக்கு உசிருதானே.

ஹால்வர்: விளையாடாத. இந்த டகோட்டாப் புல்வெளியில முதல் ஏர் பூட்டின மனுஷன்...

தோரா: பூட்டினாரு. அப்புறம்... சரி, விடு.

ஹால்வர்: என்ன முழுங்குற?

தோரா: ஒண்ணுமில்ல. உனக்கு முட்டி வலி. நாளைக்குப் பூரா முனகுவ.

ஹால்வர்: அறுபதத் தொடப்போற நீ என் முட்டியப் பத்திப் பேசுறியா? தள்ளு.

தோரா: தோண்டாதடா! அதுல... அதுல யாருமில்ல.

ஹால்வர்: யாருமில்லையா?

தோரா: பெட்டி நிறையக் கல்லு. அம்மாவும் நானும் ஓடையில பொறுக்கினது.

ஹால்வர்: காய்ச்சல்ல செத்தாருன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க...

தோரா: காய்ச்சலாவது! வெட்டுக்கிளி கோதுமைய மொட்டையடிச்சிட்டுப் போச்சு. மறுவாரம் இருந்த ஒரே குதிரையில ஏறி இவரும் போயிட்டாரு. புருஷன் விட்டுட்டு ஓடிட்டான்னு சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழல. உனக்கு அப்ப அஞ்சு வயசு.

ஹால்வர்: இத்தனை வருஷமா நீ...

தோரா: நாப்பத்தாறு வருஷம். பொண்ணு கேட்டு வந்தவங்களக்கூட வேண்டாம்னுட்டேன். அவரு திரும்பி வந்தா வீட்ல ஆள் இருக்கணும்ல? சிரிக்காத.

ஹால்வர்: சிரிக்கலக்கா.

தோரா: இருந்தா தொண்ணூறு வயசு. இருக்கலாம்... இல்லையா? புது வீட்டு விலாசத்த நேத்துதான் தபால் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன். வந்து கேட்டா சொல்லச் சொல்லி.

ஹால்வர்: அக்கா... இப்படி உக்காரு.

தோரா: ஏன்டா? என்ன விஷயம்?

ஹால்வர்: நீ டவுன்ல வீட்டு வேலைக்குப் போயிருந்தியே, ஒரு குளிர்காலம்...

தோரா: எனக்குப் பதினாறு வயசுல. அதுக்கென்ன இப்ப?

ஹால்வர்: உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சாகுறப்பகூட சத்தியம் வாங்கினா.

தோரா: எத?

ஹால்வர்: அப்பா வந்தாருக்கா. சாயங்காலம், பனி கொட்டுது. என் பேரச் சொல்லி, உன் பேரச் சொல்லித் தட்டுறாரு. அம்மா தாழ்ப்பாள எடுக்கல.

தோரா: அப்புறம்?

ஹால்வர்: காலையில தொழுவத்துல விறைச்சுக் கிடந்தாரு. நிலம் இளகுற வரைக்கும் வைக்கோலுக்குள்ள வச்சிருந்தோம். அப்புறம் இந்தக் கல்லையெல்லாம் வெளிய கொட்டிட்டு... இந்தப் பெட்டியிலதான்க்கா அவரப் படுக்க வச்சோம், அம்மாவும் நானும்.