பதினோரு நாள் காப்பு

— செருப்பைக் கழட்டறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிட்டீங்களே அத்தை. ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிக்கிறேன், அப்புறம் வையுங்க.

— குடி குடி. காலையில பஸ் ஏறுனவ, பொழுது சாயறப்ப வர்ற. பெரம்பலூரு என்ன சீமையிலயா இருக்கு? இந்தாரு பானு, ஒளிச்சி செய்யற பழக்கம் லீலாவதிக்குக் கெடையாது. நாளைக்குப் பூலாம்பாடி போறோம்.

— எதுக்கு?

— பொண்ணு பாக்க. தரகுக்காரி உண்ணாமலை சொன்ன எடம்.

— யாருக்கு?

— வூட்டுல எத்தனை மவன் வச்சிருக்கேன்? இவனுக்குத்தான்.

— என் புருஷனுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்க. அதை எங்கிட்டயே சொல்றீங்க. ஏங்க, உங்களைத்தான். சுண்ணாம்புக்கல் லாரியை நிறுத்திட்டு வந்து செவுத்தப் பாத்து உக்காந்திருக்கீங்களே, நீங்களும் போறீங்களா?

— அட விடு பானு. அம்மா ஒரு கோவத்துல சொல்லுது.

— கோவத்துல சொல்லலடா தமிழு. நாலு வருசம் பொறுத்தாச்சி. உனக்குக் கல்யாணம் ஆன அதே மாசம் கல்யாணம் கட்டுன அஜித்குமாருக்கு ரெண்டாவது புள்ள நடக்குது. நான் எந்த வளைகாப்புக்குப் போனாலும் பின்னாடி நிக்கிறேன். உன் பொண்டாட்டி பையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறா. என்னாத்தக் கண்டா?

— இன்னிக்குக் கண்டேன்.

— என்னாத்த?

— எனக்கு ஒரு கோளாறும் இல்ல. ஸ்கேன் பாத்தாச்சி, ரத்தம் பாத்தாச்சி. இவருக்குப் போன மாசம் எடுத்த டெஸ்டும் நல்லா இருக்காம்.

— அப்புறம் ஏன் நிக்கல?

— அதைத்தான் அந்த டாக்டரம்மாவும் கேட்டாங்க. மாசத்துல எந்தெந்த நாளு புருஷன் பொண்டாட்டி சேந்து இருக்கீங்கன்னு.

— அடச்சீ. ஆம்பளப்புள்ளைய வச்சிக்கிட்டு என்ன பேச்சு பேசற?

— ஆம்பளப்புள்ளைக்கு ரெண்டாங் கல்யாணம் பேசலாம், இது பேசக்கூடாதா? உக்காருங்க அத்தை. இன்னிக்கு நீங்க கேட்டுத்தான் ஆவணும். பொம்பளை வயித்துல மாசத்துக்கு ஒரு முட்டை வெளிய வருது.

— முட்டையா? நீ என்ன கோழியா?

— சிரிச்சிக்குங்க. அந்த முட்டைக்கு ஒரே ஒரு நாள்தான் உசுரு. ஆம்பளையோட வித்து உள்ள போனா மூணு நாளு, நாலு நாளு கூட உசுரோட கெடக்குமாம். முட்டை அப்பிடிக் காத்துக்கிட்டு இருக்காது. வித்து முன்னாடியே போயி இருந்தாத்தான் ரெண்டும் ஒண்ணு சேரும். இல்லாட்டி அந்த மாசம் போச்சி.

— நாங்கள்லாம் முட்டையப் பாத்தா பெத்தோம்?

— நீங்க பாக்கல. ஆனா அது வர்ற அன்னிக்கு மாமா வூட்டுல இருந்தாரு. எனக்குக் கணக்கா இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்கா வருது, ஒரு நாள் முன்னப்பின்ன ஆவறதில்ல. அப்பிடின்னா வெலக்கான நாள்லேருந்து எண்ணுனா பதிமூணு, பதினாலாம் நாளு பக்கம் முட்டை வருமாம். இப்ப நீங்க எண்ணுங்க. நான் என்னிக்குத் தலைக்கு ஊத்தறேன்?

— அஞ்சாம் நாளு.

— அன்னிக்கே இவரு கையில என்ன பண்றீங்க?

— என்ன பண்றேன்? புள்ள வரம் வேண்டி ஆத்தாளுக்குக் காப்புக் கட்டறேன்.

— எத்தனை நாளு?

— பதினோரு நாளு. உனக்குத் தெரியாதா?

— தெரியும். பதினோரு நாளும் இவரு கோயில் மண்டபத்துல பாயை விரிச்சிப் படுக்கறாரு. என் கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கறதில்ல. பதினாறாம் நாளு தேங்கா ஒடச்சி, காப்பை அவுத்து வூட்டுக்கு அனுப்பறீங்க. அதுக்குள்ள அந்த முட்டை செத்து ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆயிருக்கும்.

— என்னடி சொல்ற?

— இதைத்தான் டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவ அப்பிடியே கீழ வச்சிட்டாங்க. எத்தனை வருசமா இப்பிடின்னு கேட்டாங்க. நாலு வருசம், ஒரு மாசம் தவறலன்னேன். பக்கத்துல நின்ன நர்சு வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. எனக்குச் செத்துடலாம்னு இருந்திச்சி.

— பானு, இதை ஏன் நீ போன்ல சொல்லல?

— நீங்க பேசாதீங்க. அம்மா கட்டுனா கைய நீட்டுவீங்க, அம்மா பொண்ணு பாக்கக் கூப்பிட்டா சட்டை மாட்டுவீங்க.

— ஆக, என் வேண்டுதலாலதான் இந்த வூட்டுல புள்ள இல்லங்கிற?

— ஆமா.

— நாக்கு அழுவிப் போயிடும்டி.

— போவட்டும். நீங்க மலடி மலடின்னு சொல்லி எங்காது எப்பவோ அழுவிப் போச்சி. காப்புக் கட்டுன நாள்ல நான் அந்தப் பக்கம் வந்துடுவனோன்னு ராத்திரி டார்ச் லைட்டோட மண்டபத்துக்கு வந்து எட்டிப் பாப்பீங்களே. நாலு வருசம் என் புள்ளைக்குக் காவல் இருந்து அதை வர விடாம பண்ணது நீங்கதான்.

— அட, விடுங்க ரெண்டு பேரும். தெருவுல ஆளு போவுது.

— நீ சும்மா இருடா. இந்தாரு பானு, இவன் எப்பிடிப் பொறந்தான் தெரியுமா? எனக்கும் அஞ்சு வருசம் நிக்கல. எம் மாமியா இதே காப்பைத்தான் இவங்கப்பன் கையில கட்டுனா. அதுக்கப்புறந்தான் இவன் தங்குனான். அதுக்கு என்ன சொல்ற?

— பதினோரு நாளும் கட்டியிருந்தாரா?

— என்ன கேள்வி இது?

— கேக்கறேன். மாமா பதினோரு நாளும் மண்டபத்துலயே படுத்திருந்தாரா?

— அடுப்புல பாலு வச்சிருக்கேன். பொங்கிடும்.

— அடுப்பே பத்த வைக்கல அத்தை. இங்கேருந்து தெரியுது. மாமா படுத்திருந்தாரா, இல்லியா?

— இந்த மாசம் உனக்கு எத்தனாவது நாளு?

— அது எதுக்கு இப்ப? நீங்கதான் பூலாம்பாடி போறீங்களே.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுடி.

— பன்னெண்டு. காப்புக் கட்டி எட்டாவது நாளு. இன்னும் நாலு ராத்திரி இவரு மண்டபத்துல படுப்பாரு. இந்த மாசமும் போயிடும். அப்புறம் தாராளமா வேற பொண்ணு பாருங்க.

— அந்த அருவாமனைய எடு.

— எதுக்கு?

— எடுன்னா எடேன்.

— அம்மா, என்னம்மா பண்ற? பானு, நீ இந்தப் பக்கம் வா. அம்மா, அதைக் கீழ வையி.

— அவளை ஒண்ணும் பண்ணலடா. உண்ணாமலைக்குப் போனைப் போட்டு, நாங்க வரலன்னு சொல்லு. பானு, என் தங்கச்சி வூட்டுக்குப் போவ ஏலாக்குறிச்சி பஸ் எத்தனை மணிக்கு?

— ஆறரைக்கு ஒண்ணு இருக்கு.

— அதுல நான் போறேன். மூணு நாளு தங்கிட்டு வர்றேன். மூஞ்சியத் தூக்கிப் பாக்காத, உம்மேல எனக்குக் கோவம் தீரல. மாமியாளைக் கைநீட்டிப் பேசற வாயி உனக்கு. தமிழு, இங்க வா. கையை நீட்டு.

— காப்பையா அறுக்கப் போற? நடுவுல அறுத்தா சாமி குத்தம்னு நீதானம்மா சொன்ன. ஆத்தா வம்சத்தையே அழிச்சிடும்னு சொல்லித்தானே நாலு வருசமா என்னை அங்க படுக்க வச்ச?

— உங்கப்பன் எட்டாம் நாளு காப்பை அறுத்து எறிஞ்சிட்டு கொல்லைச் செவுரேறிக் குதிச்சி வந்தாருடா. பத்தாம் மாசம் நீ பொறந்த. யாருக்கும் தெரியாது. அந்தக் குத்தந்தான் இவ வயித்தப் புடிச்சிருக்குன்னு பயந்து பயந்து உனக்கு மாசாமாசம் கட்டுனேன். நீட்டுடா கையை.