வச்சாச்சு

எனக்குக் கடை நடத்தத் தெரியாது, சார். செருப்புக்கடை வைத்தேன், எல்லாருக்கும் கால் இருக்கிறதே என்ற நம்பிக்கையில். லாண்டரி வைத்தேன், வாடிக்கையாளர் சட்டைகளை நானே மாட்டிக்கொண்டு ஸ்னூக்கர் போட்டிகளுக்குப் போனதில் அதுவும் மூடியது. மேசைமேல் பந்துகளைக் கோலால் தட்டிக் குழியில் தள்ளும் அந்த ஆட்டத்தை ஆடிப் பிழைத்தவன் நான். வீட்டில் கோப்பைகள் உண்டு. பெரிய கோப்பையில் என் மனைவி கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள்.

நிலைத்தது மூன்றாவது கடைதான். ஸ்னூக்கர் மேசைகளைப் பிரித்து, வேறிடத்தில் பூட்டித் தரும் வேலை. அது நிலைத்ததற்குக் காரணம் என் தம்பி. ஆட்டமும் அவனுக்குக் கைவந்தது. என்னைவிட நன்றாகவே வந்தது என்று வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

மேசையின் துணிக்கு அடியில் கனத்த கற்பலகை இருக்கும். அதைச் சட்டத்தின் மேல் இறக்கும்போது, விரல் நசுங்காமல் இருக்க இடையில் ஒரு மரக்கட்டை வைப்போம். வைத்தவன் "வச்சாச்சு" என்பான். மற்றவன் குனிந்து பார்க்கமாட்டான். கையை உள்ளே விட்டுத் திருகாணியைப் பூட்டுவான். அந்த ஒரு சொல் போதும்.

தேசியப் போட்டிக்குத் தம்பி தேர்வானான். நான் முதல் சுற்றிலேயே வெளியே. அந்த வாரம் கடையில் நாலு பேர் பார்க்க இருவரும் ஆடினோம். அவன் அடிக்கவேண்டிய கடைசிப் பந்து குழிவாயில் நின்றது. ஊதினால் விழும். தவறவிட்டான்.

"போண்ணா, கை நடுங்கிடுச்சு. சீக்கிரம் முடி, பசிக்குது."

எல்லாரும் எனக்குக் கைதட்டினார்கள். வேண்டுமென்றே விட்டான் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஒரு கிளப்பில் மேசை பூட்டினோம். கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பிடித்திருந்தேன்.

"வச்சியாண்ணா?"

"வச்சாச்சு."

கட்டை என் காலடியில் கிடந்தது. கடப்பாரையை உருவினேன்.

அவனுடைய வலது கை. மிஞ்சிய விரல்கள் மடங்காது. ஆஸ்பத்திரியில் என் மனைவி அழுதபோது அவன்தான் சமாதானம் சொன்னான்.

"அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க, அண்ணி. அவர் சொல்றதுக்குள்ள நான்தான் அவசரப்பட்டுக் கைய விட்டுட்டேன்."

அதுவும் குழிவாயில் நின்ற பந்துதான். அதையும் எனக்காகத் தவறவிட்டான்.

கை ஆறும்வரை அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான்தான். இந்த ஆட்டம் சோறு போடாது, என்னைப்போல் சீரழியாமல் தப்பித்தான், அண்ணனாக நல்லதுதான் செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கடைசிப் பொத்தான்வரைகூட அந்தச் சமாதானம் தாங்காது.

இப்போது இடது கையால் ஆடப் பழகிவிட்டான். நேற்று என்னோடு ஆடினான். கடைசிப் பந்து குழிவாயில் நின்றது. தவறவிட்டான்.

"நீயே முடிண்ணா," என்று சிரித்தான்.

எனக்குக் கோபமே வரவில்லை, சார். கடப்பாரையை உருவிய அன்றைக்கும் வரவில்லை.

இன்றைக்கே கேஸ் எழுதி என்னை உள்ளே போடுங்கள். நாளைக்கு ஒரு மேசை பூட்டவேண்டும். இருக்கிற ஒரு கையைத்தான் அவன் கல்லுக்கு அடியில் விடுவான். கட்டை வைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.