கைதட்டாதவன்

நடன அரங்கில் படம் எடுக்கிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல கேமரா இல்லை தோழர், இருமல் வராத தொண்டை. கேமராவை இரவல் வாங்கலாம், தொண்டையை வாங்க முடியாது. அதனால்தான் நிகழ்ச்சி உள்ள நாட்களில் நான் ஐஸ் தண்ணீர் தொடுவதில்லை, ஹவானாவின் இந்த வெயிலிலும். உட்காருங்கள். அது ஆடும், இந்த நாற்காலியில் உட்காருங்கள். ரேஷன் காபிதான், பாதி வறுத்த பட்டாணித் தூள். ஆனாலும் சூடாக இருக்கிறது.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். யனெலா காயத்தை மறைத்துவிட்டு மேடை ஏறினாள் என்று பாலே குழுவில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் விசாரணையில் அது உறுதியானால் அவளுக்குக் குழு தருகிற சிகிச்சையும் உதவியும் நின்றுவிடும். அவளோ, கால் நன்றாகத்தான் இருந்தது, படத்திலேயே பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தைக் காட்டியவன் நான்.

நான் கொடுத்த படங்களை நீங்கள் வரிசையாகப் பார்த்திருக்கிறீர்கள், நல்லது. சில மாதங்களுக்கு முன் நடந்த அவளுடைய கடைசி நிகழ்ச்சியில் ஒவ்வொரு தாவலுக்கும் படம் இருக்கிறது, அவள் மறுபடி ஆடி விழுந்ததற்கு மட்டும் இல்லை. அழித்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் அதை எடுக்கவே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்கிறேன், ஆனால் என் போக்கில் சொல்ல விடுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒத்திகை முடிந்ததும் பெண்களும் பையன்களும் வியர்வையோடு என் கணினியைச் சுற்றி மொய்த்துக்கொள்வார்கள். முகம் எப்படி வந்திருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். பாதம்தான். விரல் நீண்டிருக்கிறதா, முட்டி நேராக இருக்கிறதா, இறங்கும்போது குதிகால் தரையில் படிந்ததா. பாதம் கோணலாக விழுந்த படத்தை யார் கண்ணிலும் படாமல் முதலிலேயே அழித்துவிட வேண்டும். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள்; எங்கள் அரங்கின் பழைய மேடை உண்மையிலேயே பார்வையாளர் பக்கம் சரிந்த மேடை. அதில் எவ்வளவு நன்றாக ஆடுகிறவளுக்கும் ஒன்றிரண்டு படம் கோணலாகத்தான் விழும். அதைக் காட்டி ஏன் ஒருத்தியின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும்? என் வாழ்நாள் முழுக்க இப்படி அழித்திருக்கிறேன். கருணையான ஆள் என்று எனக்குப் பெயர்.

யனெலா ஒருத்திதான் கெட்ட படங்களைக் கேட்டாள். குழுவில் சேர்ந்த புதிதில் என் வீட்டுப் படியேறி வந்து, அழிக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க மாமா என்றாள். ஒத்திகைக் கூடத்துக் கண்ணாடி பொய் சொல்லுமாம், உடம்பும் பொய் சொல்லுமாம், என் படம் சொல்லாதாம். இரண்டாம் கண்ணாடி என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு வியாழன்தோறும் வருவாள். இந்த மேசையில்தான் உட்காருவோம். படம் பார்ப்பாள், தன்னையே திட்டிக்கொள்வாள், நான் வைத்திருக்கும் மலாங்காக் கிழங்கு சூப்பைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அந்தக் கிண்ணம் காய்வதற்குள் அடுத்த வியாழன் வராதா என்று இருக்கும். சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தது.

என் மகள் ஒடாலிஸ் அமெரிக்காவில், தம்பா நகரத்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன என் மனைவியும் அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிறு காலை கூப்பிடுவார்கள், திரையில் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் வரும், பிறகு அதுவும் நின்றுவிடும். அவர்கள் போனதில் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் கால் உள்ளவர்கள் எல்லோரும் போகிறார்கள். நம் நடனக்காரர்களும் அப்படித்தான். ஒன்று சொல்கிறேன், இதை எழுதிக்கொள்ளுங்கள்: அவர்களில் பாதிப் பேரை அனுப்பி வைத்தவை என் படங்கள். ஒரு நல்ல தாவல், ஒரு நல்ல நிலை, அதை வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து ஒப்பந்தம் வரும். விமானம் ஏறும் முன் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். பிறகு அங்கே வேறு ஒருவன் எடுத்த படம் வரும். என்னுடையதைவிட மோசமான படம்.

யனெலாவுக்கு உருகுவே நாட்டு மொண்டெவிடியோவிலிருந்து ஒப்பந்தம் வந்தது. நான் எடுத்த தாவல் படம்தான் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். செய்தியைச் சொல்ல ஓடிவந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு இந்த வாசலிலேயே நின்றாள். நான் வாழ்த்தினேன். சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவள் அதையும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் ஒரு வருத்தம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பருவத்து ஒத்திகைப் படங்களில்தான் அதைப் பார்த்தேன். தாவி இறங்கும்போது இடது குதிகால் தரைக்கு வரவில்லை. ஒரு படத்தில் அப்படி இருந்தால் தற்செயல். ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் குதிகால் ஒரு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே அந்த நரம்பு, வலது காலில் கயிறு மாதிரி தெரிவது, இடது காலில் வீங்கி மழுங்கியிருந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் கால்களைப் பார்த்தே கிழவனானவன். அது எந்த நேரமும் அறுந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த வியாழன் வந்தாள். முதன்முறையாக மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தாள்.

"மாமா, காலையில எழுந்தா இடது குதிகால் இறுகிக் கெடக்கு. அம்மாகிட்ட சொன்னா ஊரைக் கூட்டிடும். படத்துல எப்படித் தெரியுது? கெட்டதைக் காட்டுங்க. கெட்டதை மட்டும் காட்டுங்க."

"மோசமா இருந்தா என்ன பண்ணுவே?"

"டீச்சர்கிட்ட சொல்லி உக்காந்துடுவேன். மொண்டெவிடியோக்காரங்க அடுத்த பருவம் வரைக்கும் பொறுப்பாங்களாம், கேட்டுட்டேன். காலை விட்டுட்டு வேலையை வாங்கி என்ன பண்றது?"

இதைத்தான் தோழர், நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவள் ஆடாமல் ஓய்வெடுத்தால் கால் குணமாகும். குணமானால் போய்விடுவாள். இரண்டையும் நான் அமைதியாகத்தான் யோசித்தேன். இந்த மேசையில் உட்கார்ந்து, அவளுக்கு எதிரில், சூப் ஆறுவதற்குள்.

அந்தப் பருவத்தில் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மணப்பெண் நடனத்தைப் போன வருடமும் ஆடியிருந்தாள். அதே சிவப்புப் பாவாடை, அதே விளக்கு, அதே இடத்தில் நின்று நான் எடுத்தது. அந்தப் படங்களைத் திறந்து வைத்தேன். குதிகால் தரையில் அழகாகப் படிந்திருந்தது. அவள் மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். அது போன வருடத்துக் கால் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நல்லாத்தானே எறங்குது," என்றாள். "அப்போ வலி எம்மனசுலதான் போல."

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் எங்கேயாவது வலிக்கும்," என்றேன்.

நல்ல வாக்கியம் அது. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, பழைய மரியாதைப்படி கெட்ட படத்தை மறைத்தான், அவ்வளவுதான் என்று நீங்கள் எழுதிவிடலாம். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் படம் இல்லாத இடம் ஒன்று இருக்கிறதே.

கடைசி நிகழ்ச்சி, ஞாயிறு மாலை ஐந்து மணி ஆட்டம். அவள் போகப்போகிறாள் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் மேல்மாடம் பிதுங்கியது. நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போதுகூட யாருடைய சுழற்சி சுத்தம் என்று சண்டை போடுகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் தலைவன் பஸ் டிரைவர் சூச்சோ. அவன் தட்டினால் மேல்மாடம் தட்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டால் எவ்வளவு பெரிய நட்சத்திரமும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போக வேண்டியதுதான். நான் வழக்கமாக நிற்கும் பக்க மாடம் அவனுக்குக் கைக்கெட்டும் தூரம். ஒவ்வொரு முறையும் என்னைச் சீண்டுவான். அன்றைக்கும் சீண்டினான்.

"யோவ் நிவால்டோ, பொணம்கூட உன்னைவிடப் பரவாயில்லைய்யா. உம்பொண்ணு மாதிரி வளர்ந்தவ போறா. இன்னைக்காவது ஒரு தட்டு தட்டு, கை தேஞ்சா போயிடும்?"

"கேமராவை யார் பிடிக்கிறது, நீயா?" என்றேன். மேல்மாடமே சிரித்தது.

நான் கைதட்டியதில்லை என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். மேடையில் உள்ளவர்களுக்கும் தெரியும். இரண்டு கையும் கேமராவில் இருக்கும், அவ்வளவுதான் காரணம். ஆனால் ஜனங்கள் அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள். நிவால்டோவின் கையைத் தட்ட வைக்கிறவள் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள்.

யனெலா தன் தனி நடனத்தை ஆடி முடித்தாள். மூன்று பெரிய தாவல்கள், கடைசியில் ஒற்றைக் கால் விரல்நுனியில் நிற்கும் அந்த நிலை. எல்லாமே கிடைத்தன, நீங்கள் பார்த்த படங்கள்தான். கடைசி இறக்கத்தில் அவள் உதட்டோரம் சுருங்கியதை லென்ஸில் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. வணங்கினாள். கரவொலி பலமாகத்தான் இருந்தது, ஆனால் அடங்கத் தொடங்கிவிட்டது. அவள் உள்ளே போகத் திரும்பினாள். உள்ளே போயிருந்தால் முழுக் காலோடு போயிருப்பாள். செவ்வாய்க்கிழமை விமானம்.

கேமராவைக் கழுத்தில் தொங்க விட்டுவிட்டு நான் கைதட்டினேன்.

முதலில் எனக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. சூச்சோ திரும்பிப் பார்த்தான். "நிவால்டோவே தட்டுறான்டா," என்று அவன் எழுந்து நின்றதும் மேல்மாடம் முழுக்க எழுந்தது. காலால் பலகையை மிதித்தார்கள். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டார்கள். இப்படிக் கேட்டுவிட்டால் நம் ஜனங்கள் விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். யனெலா நின்றாள். கையை நெற்றிக்குத் தூக்கி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு என் மாடத்தைத் தேடினாள். நான் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. இரண்டாம் கண்ணாடி சொல்கிறது, கால் நன்றாக இருக்கிறது என்று. அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வாள் என்றுதான் நானும் தட்டினேன். வாத்தியக் குழுவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இரண்டாவது தாவலில் அறுந்தது. நாற்காலிக் கால் முறிகிற மாதிரி ஒரு சத்தம், வாத்திய இசையையும் மீறிக் கேட்டது. என் கைகள் அப்போதும் கேமராவுக்கு வரவில்லை. அதனால்தான் படம் இல்லை.

எழுதிக்கொண்டீர்களா? அவள் எதையும் மறைக்கவில்லை. சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்று உங்கள் விசாரணைக் குழுவிடம் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கெட்டவன் என்று நினைக்கிறீர்கள். சரி. ஆனால் மொண்டெவிடியோவில் குளிர்காலம் எப்படி இருக்கும் தெரியுமா? அறிமுகமில்லாத ஊர், யாரோ எடுக்கும் படங்கள், ஒரு கிண்ணம் சூப் கொடுக்க ஆள் இல்லை. இங்கே பாருங்கள், அவளால் இந்த மாடி ஏற முடியாது என்பதால் இப்போது வியாழன்தோறும் நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவளுடைய அம்மா நெரெய்டா கதவைத் திறப்பாள். சூச்சோ வெண்ணெய்ப் பழம் கொண்டுவந்து, தன் கையைத் தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூட ஆடுகிற பெண்கள் கட்டில் முழுக்க உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருப்பார்கள். அந்த இரைச்சலில் நான் போய் ஓரமாக உட்காருவேன். அவள் என்னைத்தான் முதலில் பார்ப்பாள்.

அந்த மூலையில் இருக்கிற படங்களா? அவை போன வாரம் எடுத்தவை. ஆமாம், அவள்தான், கைத்தடியோடு. மொண்டெவிடியோக்காரர்கள் மறுபடி எழுதியிருக்கிறார்கள். ஆட முடியாவிட்டாலும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வரலாமாம், நடை சரியாக இருந்தால் போதுமாம். நடக்கும்போது எடுங்க மாமா, நொண்டல் தெரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க என்றாள். எடுத்தேன்.

நீங்கள் நன்றாகத்தான் பார்க்கிறீர்கள், தோழர். ஆமாம், குதிகால் முழுசாகத் தரையில் படிந்திருக்கிறது. தடி தேவையே இல்லை. ஆனால் அவளுக்கு, காயத்துக்குப் பிறகு முதன்முதலில் நொண்டி நடந்தபோது எடுத்த படங்களைத்தான் காட்டினேன். இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்மா என்றேன். தலையாட்டிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டாள்.

அவற்றைக் கவிழ்த்து வையுங்கள். இன்றைக்கு வியாழன், சூப் ஆறுவதற்குள் நான் போக வேண்டும். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?