நீலாவதி அறைச் சன்னல்

தானா ராத்தா டவுனில் சன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டுமென்றால் சாம்பசிவத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. சாமி படங்களுக்குச் சட்டம் போடுவதுதான் அவருக்கு முதல் தொழில். சன்னல் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். நாளைக்கு வருகிறேன் என்றால் அடுத்த வாரம் வருவார். சாமிக்குச் சட்டம் போடுகிறவர் ஆசாமிக்காக அவசரப்படுவாரா என்று எங்கள் தோட்டத்தில் கேலி செய்வார்கள். ஆனால் வந்துவிட்டால் வேலை சுத்தமாக இருக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா, அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பக்கிரிசாமி. தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் பெரிய அடுப்புக்கு நான்தான் ஆள். வாலிபத்தில் தொடங்கி, இலை உருட்டும் மெஷினில் இடது கை போகிறவரைக்கும் அந்த அடுப்போடுதான் இருந்தேன். கை போனதும் வேலை போனது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலைக் கணக்கில் பெயர் இருக்கிறவருக்குத்தான் லயத்து வரிசையில் வீடு. பெயர் போனால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் என் மகள் நீலாவதி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போனாள். வீடு தங்கியது. அந்த வீட்டில் நான் அப்பன்தான், ஆனால் ஆபீஸ் கணக்குப்படி நான் அவள் வீட்டில் தங்கியிருக்கிறவன்.

அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவள் நல்ல பெண். விடியலில் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு மலைக்குப் போவாள். நான் முன்னறையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பனி இறங்கினால் ரோடும் தெரியாது. ஒரு கைக்காரனுக்கு வேறு என்ன வேலை? என் மனைவி பாஞ்சாலை அந்த வீட்டில்தான் போய்ச் சேர்ந்தாள். நானும் அங்கேயே போய்ச் சேர்வேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் விஜயன் வந்தான். பக்கத்தில் லெம்பா பெர்த்தாமில் அவனுக்குக் கொஞ்சம் முட்டைக்கோஸ் தோட்டம், ஓர் ஓட்டை லோரி. நேராக வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, பெண் கேட்டான். தைரியசாலிதான்.

"மாமா, நீலாவ நான் கட்டிக்கிறேன். நீங்களும் எங்களோட வந்துடுங்க லா. வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் எறக்கித் தரேன். நீங்க இங்க தனியா கெடந்து என்ன பண்ணப் போறீங்க?"

எல்லாரும் இதைக் கேட்டு அவனைப் புகழ்ந்தார்கள். நீங்களும் புகழ்வீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்க் கை நனைக்கவே எங்கள் ஆட்கள் கூசுவார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான் ஒற்றைக் கையோடு போய், சாகிற வரைக்கும் மாப்பிள்ளை சோற்றுக்குத் தட்டை நீட்டுவதா? இல்லையென்றால் எங்கே போவது? எனக்கு மலைக்குக் கீழே ஓர் ஆள் கிடையாது. அன்றைக்கு அவன் போன பிறகு நான் நான்கு சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. அவ்வளவு பயத்தை நான் கை போன அன்றைக்குக் கூடப் படவில்லை.

இருந்தாலும் நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னைக் கேட்காமலே போயிருப்பாள். தை மாதம் பரிசம் போடலாம் என்று பேசி முடித்தார்கள். நானும் தலையாட்டினேன்.

மழைக்காலம் வந்தது. அவள் அறைச் சன்னலில் கீழ்க் கண்ணாடி ஒன்று வெகுநாளாக உடைந்திருந்தது. அட்டையைச் செருகி வைத்திருந்தோம். அதன் வழியாகக் குளிர்காற்று வந்தபடி இருக்கும். மழையில் நனைந்து வந்து நடுங்குகிறாளே என்று நான் அவள் அறையில் கணப்புச் சட்டி வைத்தேன். அடுப்புக்காரனுக்குக் கரி மூட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கனிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அது பாசத்தில் செய்தது. மறுநாள் காலையில் அவளுக்குத் தலை தூக்க முடியவில்லை. வாந்தி எடுத்தாள். அன்றைக்குப் பார்த்துத்தான் விஜயனின் அம்மா சரோஜா பரிசத்துக்கு நாள் குறிக்க வருவதாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினோம். நாள் தள்ளிப்போனது.

இங்கே சுப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்தவன். ஒரு மழைநாள் சின்ன அறைக்குள் கரியை மூட்டிக்கொண்டு, கதவைச் சாத்திப் படுத்துவிட்டான். நான்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். காற்றுப் பட்டதும் கண்ணைத் திறந்தான். ஆனால் பழைய சுப்பன் திரும்பி வரவில்லை. பேச்சுக் குழறிவிட்டது. எதைச் சொன்னாலும் சிரிப்பான். தோட்டத்து மேனேஜர் துரை இரக்கப்பட்டு அவன் பெயரை எடுக்காமல், வாசல் கூட்டும் வேலையில் போட்டுவைத்தார். வீட்டைக் காலி பண்ணு என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். அவனுடைய அம்மா அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள், அவனும் நிம்மதியாக இருக்கிறான்.

அதற்குப் பிறகு விஜயன் வீட்டார் வருகிற நாளுக்கு முன்பெல்லாம் நான் கணப்பு வைத்தேன். உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று வருவதால் தலைவலியோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் வைத்தேன். அப்படியும் நான் அளவோடு இருந்தேன் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டு மணியம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கைய வச்சிக்கிட்டு மகளுக்குக் கணப்பு போடுறாரே, இப்படி அப்பன் யாருக்குக் கெடைக்கும்" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரோஜாவோ சீக்காளிப் பெண் நமக்கு எதற்கு என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். எல்லாம் தானாக அடங்கிவிடும் போலிருந்தது.

விஜயன்தான் அடங்கவில்லை. நீலாவதி படுத்திருந்த ஒரு நாள் லோரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான்.

"மாமா, இனிமே தள்ளிப்போட வேணாம். சீக்கா இருந்தாலும் பரவால்ல, ஞாயித்துக்கெழம தட்ட மாத்திடலாம். அப்புறம் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்."

அவன் நல்லவன். அதனால்தான் இப்படி ஆனது. கெட்டவனாக இருந்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பான்.

அவன் போனதும் நீலாவதி எழுந்து வந்தாள். "அப்பா, ஞாயித்துக்கெழம அவங்க வராங்க. அந்த அட்டையப் பாத்தா என்னா நெனைப்பாங்க? நானும் எத்தன தடவ சொல்லிட்டேன். ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்கப்பா" என்றாள்.

அவள் பல நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். மறுநாளே பஸ் பிடித்து தானா ராத்தாவுக்குப் போனேன். மகள் ஆசையாகக் கேட்டதைச் செய்யக் கூடாதா? சாம்பசிவம் வழக்கம்போல அடுத்த வாரம் என்றார். பெண்ணுக்குப் பரிசம் என்று சொன்னேன். உடனே மனம் இளகி, சனிக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார்.

சொன்னபடி வந்தார். அவள் மலையில் இருந்தாள். பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, உடைந்த துண்டுகளைத் தாளில் மடித்து ஓரமாக வைத்து, புதுக் கண்ணாடியைப் பதித்து, விளிம்பு முழுக்கச் சாந்தை வைத்துக் கட்டைவிரலால் இழுத்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. சட்டத்துக்கு மேலே மரம் சுருங்கி ஓர் இடைவெளி இருந்தது. அதைக் காட்டினேன். அதையும் அடைத்தார். பிறகு, காற்றில் சன்னல் அடித்துக்கொள்கிறது, இரண்டு ஆணி அடித்துவிடுங்கள் என்றேன்.

"ஆணி அடிச்சா அப்புறம் தொறக்க முடியாதே அண்ணே?"

"எங்க தொறக்கப் போறோம்? குளிருக்குத்தான இதெல்லாம்."

"இந்தக் கணப்ப வேற உள்ள வைக்கிறீங்க. கொஞ்சம் காத்து வேணும்ணே."

"ரூம் கதவு இருக்கில்ல" என்றேன். அவர் அடித்துக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். முன்னறைப் பக்கமாகத் திறக்கிற அந்தக் கதவையும் அவர் பார்க்கத்தான் செய்தார். அதனால்தான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் நீலாவதி வந்தாள். கூடையைக் கூட இறக்காமல் அறைக்குள் ஓடினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கண்ணாடியைத் துடைத்தாள். "அப்பா, இங்க வந்து பாருங்களேன், மேட்டுத் தோட்டம் வரைக்கும் தெரியுது லா" என்றாள். அப்புறம் அழுதாள். நான் அந்தக் கல்யாணத்துக்கு மனசார ஒப்பவில்லையோ என்று பயந்துகொண்டே இருந்தாளாம். கண்ணாடியைப் பார்த்ததும்தான் நிம்மதி வந்ததாம்.

"நான் போனாலும் ஒங்கள விட்டுட மாட்டேன்பா. நீங்க இல்லாம எனக்கு அங்க சோறு எறங்குமா?"

அதைக் கேட்டு எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சன் இல்லை, ஐயா. அன்றைக்கு ராத்திரிக்கு ரசமும் கருவாடும் வைத்திருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். மறுநாளுக்குக் கட்டப்போகிற சேலையை எடுத்துக் காட்டினாள். அவள் படுக்கப் போகிற நேரத்தில் நான் கணப்பை மூட்டினேன். குளிர் அதிகம் என்பதால் கரி கொஞ்சம் கூடவே போட்டேன்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். ஒளிக்க எனக்கு எதுவும் இல்லை. சுப்பனை நினைத்தேன். அவன் அம்மா அவனுக்கு ஊட்டுவதை நினைத்தேன். நான் ஒற்றைக் கையால் நீலாவதிக்கு ஊட்டுவேன், தலை வாரிவிடுவேன், வாசலில் வெயில் வந்தால் கொண்டுபோய் உட்கார வைப்பேன். படுத்த பெண்ணை எந்த மாப்பிள்ளையும் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோக மாட்டான். துரையும் இரக்கப்படுவார். அவள் பெயர் இருக்கும், வீடு இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு. அவள் செத்தால் வீடு போகும் என்பது எனக்குத் தெரியாதா? ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி எழவுக்கு வந்தபோது தோளைத் தட்டி, "மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கங்க பக்கிரி" என்றார். அவள் சாவதில் எனக்கு என்ன லாபம்? இதை நீங்கள் யோசிக்க மாட்டேன் என்கிறீர்கள்.

சாம்பசிவமும் எழவுக்கு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு அறையை எட்டிப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் சட்டியைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. விஜயன்தான் இன்னும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். அவனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், முட்டைக்கோஸ் வெட்டுகிற நேரம்.

அவள் கூப்பிட்டாளா என்று கேட்டீர்கள். கூப்பிட்டாள். முதலில் சன்னலைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு வந்தாள்.

"அப்பா, தல சுத்துது. கதவு தொறக்க மாட்டேங்குதுப்பா."

"மழைக்கு மரம் ஊதிப் போச்சும்மா. படு, காலைல சரியாயிரும்" என்றேன்.

இன்னும் இரண்டு தரம் அப்பா என்றாள். மூன்றாவது தரம் என்ன சொன்னாள் என்று புரியவில்லை. அவளை வெளியே இழுத்துப் போட வேண்டிய நேரம் எது என்று எனக்குத் தெரியும். சுப்பனை இழுத்தவன் நான். அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் இப்போது திறந்தால் காலையில் எழுந்து சேலையைக் கட்டிக்கொள்வாளே என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இருந்தேன். பிறகு சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, நானும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன்.

கதவில் தாழ்ப்பாள் போட்ட அடையாளமே இல்லை, மரமும் ஊதவில்லை, அப்புறம் அவளால் ஏன் திறக்க முடியவில்லை என்று காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் அதையே எனக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. கொல்ல நினைத்தவன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பான். நான் போடவில்லை. என் மகளை விட்டு எங்கும் போகவும் இல்லை. விடிகிற வரைக்கும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.