இரண்டாவது மழையும் அறுநூறு விரிப்புகளும்

தலைமை தாங்கி, போட்ட மாலையையும் தாங்கிக்கொண்டிருக்கும் நம் சங்கத் தலைவர் அவர்களே, வெளுத்த வெளுப்பில் வெண்ணிலவையே வெட்கப்பட வைத்த பெரியோர்களே, துணி உதறும் ஓசையில் இடியையே ஊமையாக்கும் தாய்மார்களே, வணக்கம்.

சலவைக்காரனுக்கு எதிரி யார்? அழுக்கா? அதுதானே நமக்குச் சோறு போடுகிறது. மேகம் ஐயா, மேகம்.

போன மாதம் மருத்துவமனையிலிருந்து எங்கள் சலவைக்கூடத்துக்கு அறுநூறு படுக்கை விரிப்புகள் வந்தன. மாலை ஐந்துக்குள் உலர்ந்து திரும்பிப் போகாவிட்டால் ஒப்பந்தம் போச்சு, முப்பது பேர் வேலையும் போச்சு. வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகள், இதோ முதல் வரிசையில் இருக்கிறாளே, முந்தின நாளே சொன்னாள்: "மாமா, நாளைக்கு ரெண்டு மழை."

காலையில் மேகம் இறகாக வந்தது, போர்வையாகப் படர்ந்தது, தூறலாக உதிர்ந்தது, ஓய்ந்தது. வெயிலும் வந்தது. முப்பதாண்டு அனுபவத்தோடு அண்ணாந்து பார்த்தேன். "மழை விட்டாச்சு, காயப்போடுங்க" என்றேன். அறுநூறும் கொடியில் ஏறின. எங்கள் கொடியின் நீளம் தெரியுமா? இந்த முனையில் தும்மினால் அந்த முனைக்கு மறுநாள்தான் கேட்கும்.

போன் வந்தது. "மாமா, துணி எங்க?"

"கொடியிலம்மா. வெயில் சுள்ளுன்னு அடிக்குது."

"அதைத்தான் நம்பாதீங்க. காலையில சூட்டுக் காத்து, குளிர்ந்த காத்து மேல மெதுவா ஏறுச்சு, அதான் தூறல். இப்ப அந்தச் சூட்டுக்கு நடுவுல நிக்கிறீங்க. பின்னாடி கனமான குளிர்காத்து வருது. அடியில ஆப்பு மாதிரி நுழைஞ்சு, சூட்டுக் காத்தை ஒரே தூக்கா தூக்கும். அதுல இருக்கிற ஈரமெல்லாம் மேல போய்க் குளிர்ந்து, மேகமாகிக் கொட்டும்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாப்பது நிமிஷம். நீங்க பெருமை பேசினா முப்பது."

நம்பினேனா? அங்கே ஓர் அம்மா, "இல்லை" என்று தலையாட்டுகிறார். உண்மைதான் தாயே. ஆனால் என் மனைவி நம்பினாள். "அவரு அண்ணாந்துட்டே இருக்கட்டும், நீங்க எடுங்கடி" என்றாள்.

கடைசி விரிப்பு உள்ளே வந்தது. காற்று சில்லென்று திரும்பியது. மேகம் மலையாக எழுந்தது, மலைமேல் மலையாக எழுந்தது. பெய்ததே, அது மழையா? கடலைத் தூக்கிக் கவிழ்த்ததுபோல ஐயா. மிச்ச ஈரத்தை இஸ்திரிப்பெட்டிகள் குடித்துத் தீர்க்க, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அறுநூறும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. முப்பது பேரும் இன்று உங்களோடு அமர்ந்திருக்கிறார்கள்.

இன்று காலையும் தூறியது, ஓய்ந்தது. இந்தக் கூட்டத்துக்குப் பந்தல் எதற்கு, வெட்டவெளியே போதும் என்று சொன்ன அறிவாளி யார்? நான்தான்.

என் அக்கா மகள் எழுந்து, நிதானமாகத் தன் நாற்காலியை மடக்குகிறாள்.

பதினொரு பக்க நன்றியுரை வைத்திருந்தேன், சட்டைப்பைக்குள் போகிறது. இந்த முறை நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி, வணக்கம், நாற்காலியோடு உள்ளே ஓடுங்கள்.